முல்லைத் திணையில் ஒரு மோமோ: பெஹாலா உணவகங்களில் இருத்தலும் இருத்தல் நிமித்தமும்

ஐந்து திணைகளுக்கும் உரிய உணவு எது என்று தமிழ் ஆய்வுலகம் கேட்டிருக்கிறது. உணவகத்துக்கு உரிய திணை எது என்று கேட்டதில்லை. குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்குச் செந்நெல், நெய்தலுக்கு மீனும் உப்பும் விற்று வாங்கியது என்று உரையாசிரியர்கள் பட்டியல் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சீஸ் ஒழுகும் மாக்கரோனி, தலையில் பொரித்த முட்டை குந்தியிருக்கும் ஃபிரைட் ரைஸ், மண்சட்டியில் வரும் கஷா மாங்ஷோ என்னும் ஆட்டுக்கறி ஆகியவை எந்த நிலத்தவை என்பது பற்றி நச்சினார்க்கினியர்கூட வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியை, முடிந்தவரை கஷுந்தி என்னும் கடுகு விழுது தொட்டுக்கொண்டு, நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், கொல்கத்தாவின் தென்மேற்கில் டயமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் பரந்து கிடக்கும் பெஹாலா. தாராதலா, பெஹாலா பஜார், சௌரஸ்தா, சகேர் பஜார், தாகுர்புகுர் என்று தெற்கே இறங்கிக்கொண்டே போகும். 1984-இல்தான் இப்பகுதி கொல்கத்தா மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகராட்சி சேர்த்துக்கொண்டதே தவிர மனசு இன்னும் சேரவில்லை. நகர நடுவிலுள்ள தர்மதலாவுக்குப் பேருந்து ஏறும்போது "கொல்கத்தா வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று வீட்டில் சொல்லிக் கிளம்புகிறவர்கள் பெஹாலாவின் பர்ணஸ்ரீ பக்கம் இன்றும் உண்டு.

இங்கே சில ஆண்டுகளாக ஒருவகை உணவகம் பெருகியிருக்கிறது. வீட்டின் கீழ்த்தளம், முன்பு காரோ, பெரியப்பாவின் ஹோமியோபதி கிளினிக்கோ இருந்த இடம். மஞ்சள் பல்புகள் வயரோடு தொங்கும். பூசாமல் விட்ட செங்கல் சுவர் ஒன்று கட்டாயம் இருக்கும். (அது பூசிய சுவரின்மேல் ஒட்டிய செங்கல் படம் போட்ட காகிதம் என்பதை நகத்தால் சுரண்டி உறுதிசெய்துகொண்டோம்.) நாம் தேர்ந்துகொண்ட உணவகத்தின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது. நெறி ஒரு காரணம். இவ்வாய்வாளர் அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான் சாப்பிட்டாக வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

பாட்டிகள் பற்றிய முன்னாய்வு

மெனு கார்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது உணவு அல்ல, உறவுமுறை. தாகுமாவின் சுக்தோ, தீதாவின் மோச்சார் கோண்டோ, மாமாவீட்டு ஆட்டுக்கறி. அப்பாவைப் பெற்றவர் தாகுமா, அம்மாவைப் பெற்றவர் தீதா. இருவரும் வெவ்வேறு பக்கங்களில் அச்சாகியிருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் போட்டால் என்ன நடக்கும் என்று உரிமையாளருக்குச் சொந்த வீட்டு அனுபவம் இருக்கலாம். தாத்தா எங்கும் இல்லை. அவர் அக்காலத்திலும் கூடத்தில் உட்கார்ந்து "ஆயிற்றா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். இந்தத் தாத்தாவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஆய்வின் உண்மையான முன்னோடி அவர்தான்.

பாட்டியின் விலை நிலவரமும் கவனத்துக்கு உரியது. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தது. அந்த வழியில் 2021 பிப்ரவரியில் மேற்கு வங்க அரசு 'மா கேன்டீன்' தொடங்கியது: சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு முட்டை, ஐந்து ரூபாய். ஆக, அரசு வழங்கும் அம்மா ஐந்து ரூபாய். தனியார் வழங்கும் பாட்டி முந்நூறுக்கு மேல், ஜிஎஸ்டி தனி. ஒரே ஒரு தலைமுறை பின்னோக்கிப் போவதற்கு இவ்வளவு செலவாவது ஏன் என்பதைப் பொருளியலார் கவனிக்கட்டும்.

பாட்டிகளுக்குப் பின்னால் மெனுவின் பெரும்பகுதி வருகிறது. அதில் பெஹாலாவின் எந்தப் பாட்டிக்கும் பங்கில்லை. சிக்கன் ஆ லா கீவ் கொல்கத்தாவின் பழைய உணவகத் தெருவான பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தது. அங்கே மொகாம்போ உணவகத்தில் கத்தி பட்டதும் வெண்ணெய் பீறிட்டு சட்டையில் விழுவதைப் பல தலைமுறைகள் பெருமையாகச் சொல்லி வருகின்றன. சௌமீனும் சில்லி சிக்கனும் தாங்ராவின் சீனர்கள் தந்தவை. கொல்கத்தாச் சீனர்களின் மூலமோ பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பஜ்பஜ் அருகே ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை வைத்த டோங் ஆச்சியூவிடம் போய் நிற்கிறது. அவர் பேரில் அச்சிபூர் என்று ஓர் ஊரே இருக்கிறது. மோமோ இமயத்திலிருந்து இறங்கியது. 2008-இல் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி நண்பர்கள் இருவர் இதே கொல்கத்தாவில் 'வாவ்! மோமோ' தொடங்கி அதை நாடு முழுக்க அனுப்பினார்கள். இப்படி அடுத்தவர் வீட்டுப் பாட்டிகள் செய்ததையெல்லாம் தின்றுவிட்டு "ஆகா, நம் வீட்டில் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது" என்று பெஹாலா பெருமூச்சு விடுகிறது. இந்தப் பெருமூச்சுக்குக் காரணம் சோறு அல்ல, வேறொன்று என்ற ஐயம் இங்கேதான் எழுந்தது.

ஐயத்துக்கு அமெரிக்காவில் ஆதாரம் கிடைத்தது. 2014-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டிரேசி மான் குழுவினர் நாசாவின் நிதியில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மனசைக் கனக்கச் செய்யும் திரைத் துண்டுகளை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். பிறகு சிலருக்கு அவரவர் மனம் ஆறும் என்று சொன்ன தின்பண்டம், சிலருக்குப் பிடித்த வேறொன்று, சிலருக்குச் சுமாரான ஒன்று. சிலருக்கு ஒன்றுமே இல்லை. சில நிமிடம் கழித்துக் கேட்டால் எல்லாருடைய மனமும் ஒரே அளவில் தேறியிருந்தது. ஒன்றும் தின்னாதவர்கள் உட்பட. விண்வெளி வீரருக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்ற கவலையில் இருந்த நாசா இதை எப்படி எடுத்துக்கொண்டதோ, நமக்கு இது வரப்பிரசாதம். ஒன்றும் தின்னாதவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நம் கூடத்துத் தாத்தாவைப் போலச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் இலக்கணத்தில் இதற்கு இருத்தல் என்று பெயர். இருத்தல் எந்தத் திணையின் உரிப்பொருள் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

ஆகவே நம் முடிபு: பெஹாலா உணவகம் முல்லை.

நிலம்

முல்லைக்கு நிலம் காடு. பெஹாலாவில் காடு எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் இன்றைய சௌரங்கியும் மைதானமுமே புலி நடமாடிய காடு என்று கொல்கத்தா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். சுந்தரவனமும் அன்று இன்றைய எல்லையைவிட வெகு வடக்கே ஏறிக் கிடந்தது. சௌரங்கியே காடு என்றால் அதற்கும் தெற்கே உள்ள பெஹாலா என்ன, பூங்காவாகவா இருந்திருக்கும்? பாரிஷாவில் சபர்ண ராய் சௌதுரி ஜமீன் குடும்பத்தின் வீடுகள் இருந்தனவே என்பார்கள். காட்டுக்குள் ஜமீன் வீடு இருக்கக்கூடாது என்று தொல்காப்பியர் விதி செய்யவில்லை.

பொழுது

முல்லையின் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. பெஹாலாவில் மழை பெய்தால் தண்ணீர் வடிய எடுத்துக்கொள்ளும் நேரத்தை அறிந்த எவரும் கார் பற்றிச் சான்று கேட்கமாட்டார்கள். மாலையோ, டிசம்பர் தொடக்கத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும் ஊர் இது. சென்னையில் அந்நேரத்தில் வெயில் இன்னும் மாடியில் காயும். எனவே மாலைக்குரிய திணைக்குக் கொல்கத்தா கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பாலை எனும் இடைநிலை

பாலை தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்பது இளங்கோவடிகள் கொள்கை. டயமண்ட் ஹார்பர் சாலை பத்தாண்டுக்கு மேல் இந்தத் திரிந்த நிலையில் இருந்தது. 2010-இல் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜோகா வரை ஓடிக்கொண்டிருந்த டிராம் அந்த வேலைக்காக நின்றது. சாலை நடுவில் தூண்கள் எழுந்தன. எழுந்தவை வருடக்கணக்கில் மேலே ஒன்றும் தாங்காமல் நின்றன. 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து உயிர்கள் போயின. அதை இந்த விளையாட்டுக் கட்டுரைக்குள் இழுப்பதற்கில்லை. ஆய்வுக்குத் தேவையானது இதுமட்டும்: 2020 டிசம்பரில் 'ஜெய் ஹிந்த்' என்ற பெயரில் புதுப்பாலம் திறக்கும்வரை பெஹாலாவுக்கும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே இருந்தது சுற்றுவழிதான். ஒரு வாயில் அடங்கும் சிக்கன் கீவுக்காக ஒன்றரை மணிநேரம் பேருந்தில் நிற்கத் தலைவியும் தயாராக இல்லை, தலைவனும் தயாராக இல்லை.

2022 டிசம்பர் 30 அன்று ஜோகாவிலிருந்து தாராதலா வரை ஆறரை கிலோமீட்டர் மெட்ரோவைத் திறந்துவைத்தார்கள். பாலை நீங்கியது என்று ஊர் ஆரவாரித்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ மணிக்கொரு வண்டி, மாலையோடு சரி, சனியும் ஞாயிறும் கிடையாது. குடும்பங்கள் வெளியே சாப்பிடப் போகும் நேரமும் நாளும் பார்த்துக் கவனமாகத் தவிர்த்திருந்தார்கள். 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீண்டது. பார்க் ஸ்ட்ரீட்டை எட்டுவதற்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பெஹாலா ஒரு காரியம் செய்தது: தான் போக முடியாத பார்க் ஸ்ட்ரீட்டைத் தன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வரவழைத்துக்கொண்டது. நம் உணவகங்களின் தோற்றம் பற்றிய இக்கருதுகோளுக்கு ஒரு துணைச்சான்று உண்டு. பெஹாலா பீரேன் ராய் சாலை வீட்டுப் பிள்ளையான சௌரவ் கங்குலி 2004-இல் உணவகம் தொடங்கியபோது அதைப் பெஹாலாவில் தொடங்கவில்லை, பார்க் ஸ்ட்ரீட்டில் தொடங்கினார். டெண்டுல்கர் வந்து திறந்துவைத்தார். அந்த உணவகம் பிறகு மூடப்பட்டது. பெஹாலாவில் வைத்திருந்தால் பாலம் இடிந்த காலத்தில் கல்லா நிரம்பியிருக்கும் என்று கள உதவியாளர் ஒருவர் (பர்ணஸ்ரீ, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்) உறுதியாகச் சொன்னார். எதையும் உறுதியாகச் சொல்வது அவர் சுபாவம் என்பதையும் பதிவுசெய்கிறோம்.

உரிப்பொருள்: இருத்தல்

இனி மையப் பொருள். நம் உணவகத்தில் நேரம் நிமிடத்தால் அளக்கப்படுவதில்லை. அங்கு வழங்கும் அலகு "ஆர் பாஞ்ச் மினிட்". 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று இதைத் தமிழில் பெயர்த்தவர்கள் பசியோடு வீடு திரும்பினார்கள். இது கால அளவு அன்று; ஒரு மனநிலையின் பெயர். பரிமாறும் தம்பியிடம் முதல்முறை கேட்டால் "ஆஷ்சே" என்பான், வருகிறது. இரண்டாம் முறை "ஹோயே ஜாபே", ஆகிவிடும். மூன்றாம் முறை "ஆர் பாஞ்ச் மினிட், தாதா". நான்காம் முறை கேட்டால் தண்ணீர் வைப்பான். நிறைந்திருக்கும் டம்ளரிலேயே வைப்பான்.

இந்தக் காத்திருப்பில் மேசையில் நிகழும் மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் எட்டு என்றார். நாம் பார்த்தவரை அந்த எட்டும் இருக்கின்றன. ஒன்பதாவதாக டிஷ்யூ காகிதத்தில் படகு செய்தலைச் சேர்க்க வேண்டும். ஆர்டர் கொடுத்த பிறகும் மெனுவை மறுபடி வாங்கிப் படிப்பார்கள்; தேர்வு முடிந்த பிறகு கேள்வித்தாளைப் படிப்பவர்களின் முகம் அது. இலவசமாக வைத்த வெங்காய வளையங்களை முதலில் யாரும் தொடமாட்டார்கள். பிறகு ஒருவர் ஒன்று எடுப்பார். பிறகு தட்டு காலி.

இதில் உச்சம், சமையலறைக் கதவு திறந்து தம்பி ஆவி பறக்கும் தட்டோடு வெளிப்படும் கணம். எல்லா மேசைகளும் நிமிரும். தட்டு நம்மை நோக்கி வரும், வரும், கடைசியில் இடப்பக்கம் திரும்பி அடுத்த மேசைக்குப் போகும். அப்போது இணை ஆய்வாளர் (இவர் இல்லத்தில் வேறு பெரிய பதவியும் வகிப்பவர்) மெல்ல, "ஏங்க, அது நமக்கில்லீங்க" என்றார். சங்க இலக்கியம் பயின்றவர் இங்கே திடுக்கிட வேண்டும். கொன்றை பூத்துவிட்டது, கார் வந்துவிட்டது, தலைவன் வரவில்லையே என்று தலைவி கலங்கும்போது, தோழி "இது கார் அன்று, பருவம் தெரியாமல் பெய்த மழையை நம்பி மரம் மடத்தனமாகப் பூத்துவிட்டது" என்று ஆற்றுவிக்கிறாளே, 'பருவம் அன்று என்று கூறல்' என்ற அந்தத் துறை, பெஹாலா சௌரஸ்தாவுக்கு அருகே, ஏசி ஓடும் அறையில், உயிரோடு இருக்கிறது. தலைவன் இங்கே பிரியாணி. வினைமுற்றி மீளும்வரை தலைவி பொறுத்திருக்க வேண்டும். குறித்த பருவம் எப்போதும் ஐந்து நிமிடத்தில்.

தேர்ப்பாகனும் உண்டு. நால்வர் மேசையில் நாலாமவர் எப்போதும் வழியில் இருப்பார். "அஜந்தா தாண்டிட்டேன்" என்று ஆட்டோவிலிருந்து அழைப்பார்; அஜந்தா பழைய சினிமா கொட்டகையின் பெயர், இன்று நிறுத்தத்தின் பெயர். ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்தபடி "தாதா, கொஞ்சம் வேகமா" என்று பாகனை விரைவுபடுத்துகிறார். பாசறையிலிருந்து மீளும் தலைவனின் கூற்றுக்கும் இதற்கும் ஒரே வேறுபாடு, பாசறையிலிருந்து வருபவன் தனக்கு மட்டன் சொல்லிவைக்கச் சொல்லமாட்டான்.

பின்னணியில் ஒலிபெருக்கி. அன்று ஓடியது அஞ்சன் தத்தின் 'பேலா போஸ்'. 1990-களின் கொல்கத்தா இளைஞர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு: வேலை கிடைத்துவிட்ட ஒருவன் தொலைபேசியில் பேலாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான், மறுமுனையில் பதில் இல்லை. முல்லை யாழ் என்று இலக்கணம் சொல்வது இதுவே என்பதில் நமக்கு ஐயமில்லை.

கருப்பொருள்

மற்றக் கருப்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மரம், பிளாஸ்டிக் கொடி. மா, கல்லாவுக்குக் கீழே உறங்கும் பூனை. மீன் ஃபிரை வரும்போது மட்டும் எழும். (பேட்கி என்பது நம் கொடுவா மீன்தான் என்று பூனைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் தமிழ்நாட்டுப் பூனை போலவே நடந்துகொள்கிறது.) புள், ஆரஞ்சும் சிவப்பும் சட்டையணிந்த டெலிவரி இளைஞர்கள்; வந்து கொத்திக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். நாம் காத்திருக்கும் பிரியாணி சில நேரம் அவர்கள் முதுகுப் பையில் நம் கண்ணெதிரே பறந்துபோகிறது.

உணா மட்டும் சுருக்கத்துக்கு அடங்காது. ஏனெனில் அதன் நடுவில் ஓர் உருளைக்கிழங்கு இருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ முதன்முறை கொல்கத்தா வரும் தமிழர், பிரியாணியைக் கிளறும்போது முட்டையையடுத்து மஞ்சளாக, முழுசாக, உருளைக்கிழங்கு தலைகாட்டும் கணத்தில் அடையும் அதிர்ச்சி தனி ஆய்வுக்கு உரியது. வரலாறு இது: 1856 பிப்ரவரியில் அவத் நாட்டைக் கம்பெனி விழுங்கியது. பதவி இழந்த நவாப் வாஜித் அலி ஷா அந்த மே மாதம் கொல்கத்தா வந்து, மேத்தியாபுருஜில் குட்டி லக்னோ ஒன்றைக் கட்டிக்கொண்டு, 1887-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பெஹாலாவிலிருந்து மேத்தியாபுருஜ் சில கிலோமீட்டர்தான். கறி வாங்கக் காசு குறைந்ததால் சமையற்காரர்கள் கிழங்கைப் போட்டு இட்டுநிரப்பினார்கள் என்பது ஒரு கட்சி. அப்போது கிழங்கு புதுமைப் பொருள், எளிதில் கிடைக்காதது, ருசி பார்த்த நவாபே கேட்டு வாங்கினார் என்பது நவாபின் வழித்தோன்றல்கள் முன்வைக்கும் கட்சி. லட்சக்கணக்கில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஒரு மிருகக்காட்சிசாலையும் வளர்த்தவருக்கு ஆட்டுக்கறி வாங்க முடியவில்லை என்பதை நாம் ஏற்பதற்கில்லை. புலிக்கு இரை போட்டவர் விருந்தினருக்குக் கிழங்கு போட்டு ஏமாற்றியிருக்க மாட்டார்.

கொல்கத்தாச் சந்தையில் உருளைக்கிழங்கு இரண்டு குலம்: ஜோதி, சந்திரமுகி. இரண்டும் 1968-இல் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்கள். முழுப் பெயரில் முன்னால் குஃப்ரி என்ற இமாசல ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். சந்திரமுகிக்கு விலை அதிகம், மதிப்பு அதிகம். பெஹாலா பஜாரில் காலை எட்டு மணிக்கு ஒரு கனவான் "சந்திரமுகி இருக்கா?" என்று கேட்கும்போது தமிழ் வாசகர் கொலுசுச் சத்தம் எதிர்பார்த்துத் திரும்பிப் பார்ப்பது இயல்பு, அதை அடக்கிக்கொள்ளப் பழக வேண்டும்.

சிக்கல் இதுதான். ஒரு பிளேட் பிரியாணிக்கு ஒரே கிழங்கு. இரண்டு பேர் ஒரு பிளேட்டைப் பகிர்ந்தால் கறியைப் பிய்க்கலாம், முட்டையை நூல் கொண்டு நேர்பாதியாக அறுக்கலாம். கிழங்கு அப்படி அன்று. அது முழுசாக இருக்கும்போதுதான் நவாப் காலத்தது. கரண்டி பட்டால் வெறும் மசியல். ஆகவே யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. "நீ சாப்பிடு", "வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்று இரண்டு முறை சொல்வது மரபு. மூன்றாம் முறை சொன்னால் எதிராளி எடுத்துவிடுவார். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலான அந்த நுட்பமான மௌனம் வங்காளிக் குடும்பங்களில் தலைமுறைகளாகப் பயின்று வருவது. தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் கைவரவில்லை.

மருதத் தரப்பும் மறுப்பும்

இந்த இடத்தில்தான் இணை ஆய்வாளர் மாற்றுக் கருத்தை வைத்தார். அவர் கட்சியில் இது முல்லையே அன்று, மருதம். அவர் வாதம் வலுவானது. முதலில் நிலம். பெஹாலா காடல்ல, குளமும் வயலுமாகக் கிடந்த இடம். தெருப்பெயர்களிலேயே இன்றும் புகுர் இருக்கிறது, குளம் என்று பொருள். அடுத்து தெய்வம். முல்லைக்கு மாயோன், மருதத்துக்கு வேந்தன். உணவகச் சுவரில் கரிக்கோட்டுப் படமாக நிற்பவர் யார்? 2002 ஜூலையில் லார்ட்ஸ் மாடியில் சட்டையைக் கழற்றிச் சுழற்றிய சௌரவ் கங்குலி. அவரைப் பெஹாலா எப்படி அழைக்கிறது? மகாராஜ். "வேந்தன்னா வேற யாருங்க?" என்று கேட்டார். இதற்கு நம்மிடம் பதில் இல்லை. சட்டையில்லாத மேனி, கையில் சுழலும் ஒன்று, இவை சக்கரமேந்திய மாயோனைக் குறிக்கக்கூடும் என்று சொல்லிப்பார்த்தோம். அவர் ஏற்கவில்லை.

மூன்றாவதாக உரிப்பொருளை எடுத்தார். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அன்று கிழங்கைத் தின்றது யார் என்ற கேள்வியை அவர் எழுப்பினார். இக்கட்டுரையின் நடுநிலை கருதி விவரம் தவிர்க்கப்படுகிறது.

நெய்தல் நிமித்தம்

பில். 1698 நவம்பர் 10 அன்று, இதே பெஹாலாவின் பாரிஷாவில், ஆட்சாலா மண்டபத்தில், சபர்ண ராய் சௌதுரி குடும்பத்தார் சுதானுதி, கோபிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று கிராமங்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார்கள். தொகை 1,300 ரூபாய். பின்னாளில் பேரரசின் தலைநகரான ஊரின் விலை அது. நால்வருக்கு இரண்டு பிரியாணி, ஒரு மீன் ஃபிரை, ஒரு மாக்கரோனி, ஒரு தட்டு மோமோ, நாலு லெமன் சோடா என்று நம் மேசைக்கு வந்த பில் அந்தத் தொகையைத் தாண்டி நின்றது. மத்திய ஜிஎஸ்டி இரண்டரை, மாநில ஜிஎஸ்டி இரண்டரை விழுக்காடு அதன்மேல். கிராமம் எதுவும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த சோற்றைக் கட்டித் தரச் சொன்னால் டப்பாவுக்குத் தனிக் காசு. நெய்தலுக்குரிய இந்த இரங்கல் பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. பெஹாலா மக்களின் வயிற்றுக்கு உள்ள அடுத்த கவலை அதைத் தள்ளிவிட்டது: அம்போல், அதாவது புளித்த ஏப்பம். வீடு திரும்பும் வழியில் மருந்துக்கடையில் 'அக்வா டைக்கோட்டிஸ்' வாங்கப்பட்டது. பிரபுல்ல சந்திர ரே தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் காலங்காலமாகத் தயாரித்து வரும் இது வேறொன்றும் இல்லை, நம் ஓம வாட்டர்தான். லேக் மார்க்கெட் வரை போய்த் தயிர்சாதம் தேடும் தமிழர்கள் இந்தப் புட்டியைக் கவனிக்காமல் விட்டது வியப்பு. பாட்டியின் கைமணம் அசலாகக் கிடைக்கும் இடம் மருந்துக்கடை.

கள ஆய்வின்போது கிழங்குச் சிக்கலைத் தீர்க்க ஒரு முயற்சி நடந்ததையும் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் 'எக்ஸ்ட்ரா ஆலு' என்று தனியாகவே கேட்டு வாங்கலாம். ஊடல் தணிக்கும் வாயில்களாகப் பாணனையும் விறலியையும் பழையவர்கள் அனுப்பினார்கள். இவ்வாய்வாளர் பரிமாறும் தம்பியை அனுப்பினார். "தாதா, எக்ஸ்ட்ரா ஆலு ஒண்ணு." தம்பி உள்ளே போனான். நேரம் ஆனது. இணை ஆய்வாளர் டிஷ்யூவில் இரண்டாவது படகு செய்து முடித்திருந்தார். கதவு திறந்தது. தம்பியின் கையில் தட்டில்லை.

"ஆலு ஷேஷ், தாதா. வேக வெச்சிருக்கோம். ஆர் பாஞ்ச் மினிட்."

இணை ஆய்வாளர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இதை முல்லைக்குச் சான்றாகக் கொள்வதா, மருதத்துக்கா என்பதில் இரு தரப்புக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.